நான் எழுதிய குறை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பிறகு, எட்டாவது போதும் என்றிருந்த ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து அதையும் பாதியில் விட்டேன். மதுரையில் ஓட்டல் வேலை, திருச்சியில் அச்சாபீஸ், கொஞ்ச நாள் லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு, அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிக்கு வந்தபோது என்னிடம் சட்டை இரண்டுதான் இருந்தது. கண்டனூரில் ஒரு செட்டியார் குடும்பம் நடத்திய தொடக்கப் பள்ளியில், வேறு ஆள் கிடைக்காததால் என்னைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு. பாடம் நடத்தத் தெரியாது, அடிக்கத் தெரியும்.

தலைமையாசிரியர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, தினமும் ஒரு பாடவேளை நான்காம் வகுப்பு டீச்சரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். ஒருவர் பாடத்தை இன்னொருவர் பார்ப்பது அப்போது பள்ளிகளில் வழக்கம். பார்த்தவர் அதற்கென்று இருந்த நோட்டில் எழுத வேண்டும். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. இன்ஸ்பெக்டர் வந்தால் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்.

அந்த டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சம்பளத்தைத் தவிர வேறு வரும்படி கிடையாது.

முதல் நாள் கழித்தல் கணக்கு. நாற்பத்திரண்டில் பதினேழு போக முப்பத்தைந்து என்று ஒரு பையன் எழுதியிருந்தான். நானாக இருந்தால் கையை நீட்டச் சொல்லியிருப்பேன். அவர் அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டார். ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டக் கழிச்சேன் என்றான். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து வைத்து, ஒரு குவியலை அவனையே கலைக்கச் சொன்னார். அவன் தானாகச் சிரித்தான். தப்பான விடைக்கும் ஒரு வழி இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

நான்காவது நாள், கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று, ஒண்ணுக்குப் போகணும் என்று மூன்று முறை சொன்னாள். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்துபோய் அவர் சேலையை மெல்ல இழுத்தது. அவர் திரும்பிச் சிறுமியின் வாயைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் குனிவது ஏன் என்று அப்போது விளங்கியது. பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

நோட்டில் நிறைப் பக்கம் நிரம்ப எழுதினேன். குறைப் பக்கத்தைக் காலியாக விட்டால் தூங்கிவிட்டேன் என்று நினைப்பார்களே என்று ஒரு வரி எழுதினேன்: பின்வரிசைப் பிள்ளைகள் பேசுவது ஆசிரியைக்குக் கேட்கவில்லை. மனதில் வஞ்சம் எதுவும் இல்லை. பார்த்ததை எழுதினேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்து அந்த வரியில் விரலை வைத்தார். தலைமையாசிரியர் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஏப்பா, குறைன்னா சாக்பீஸ் தூள் கொட்டுது, பலகை சரியா அழியலைன்னு எழுதணும். இருபது வருசமா எல்லாரும் அதைத்தான் எழுதுறோம். உன்னைய யாரு நெசத்தை எழுதச் சொன்னா?"

உள்ளே போய், நான் எழுதியது பொய் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நேரே நான்காம் வகுப்புக்கு நடந்தார். டீச்சர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும், கொஞ்சம் உரக்க. சேலையை இழுக்க ஒரு பிள்ளை எழுந்தது. இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அதை உட்கார வைத்தார். டீச்சர் ஒரு பக்கத்தைத் திருத்தி முடித்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் காதைக் காட்டிச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தார்; காது கேட்கவில்லை என்றே அதில் இருந்தது. நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. தலைமையாசிரியர் செட்டியாரின் பெரிய வீட்டுக்கு மூன்று முறை போய்ப் பேசினார். நானும் போனேன், என்னை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள்.

டீச்சரின் கடைசி நாளன்று பஸ் நிறுத்தத்தில் அவர் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் முடிக்கும் முன்பே சொன்னார்.

"நல்லாத்தான் பாத்தீக. பாத்ததை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல, தம்பி."

நான்காம் வகுப்பை என்னிடமே கொடுத்தார்கள். அவரிடம் பார்த்ததை வைத்துத்தான் அந்த வருடத்தை ஓட்டினேன். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வேலையை விட்டேன்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் காரைக்குடியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். திறந்திருந்த ஜன்னல் வழியே பார்த்தால் தெரிந்தது: எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மறுபடி தட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, மக வர நாலு மணியாகும், பலமாத் தட்டுங்க என்றார்.

பலமாகத் தட்டக் கை எழவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். கீரைக்காம்புகள் ஒரு பக்கமும் இலைகள் ஒரு பக்கமுமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. ஸ்டேஷனுக்கு நடந்தேன்.