ஜன்னல் பக்கத்து மேற்கு

“களை வெட்டுத வீட்டுப் பிள்ள... பூகோளம்லாம் நடத்திருவியாம்மா?” சங்கரன்கோவில் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தலைமை ஆசிரியர் கேட்டது இது.

நடத்தினேன். கிழக்கை மேற்கு என்று நடத்தினேன்! ஒரு பருவம் தெரியாமல். அதன்பின் இரண்டு பருவம், தெரிந்தே.

சிரிக்கிறீர்களா? எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். யாருக்கு நான் சளைத்தவள்? இந்தியப் படத்தைத் தெற்குச் சுவரில் மாட்டி, “இடது கைப் பக்கம் மேற்கு” என்று மூன்றாம் வகுப்பை ஒப்பிக்க வைத்தேன். படத்தில் அது சரி. ஆனால் தெற்கு பார்த்து உட்கார்ந்த பிள்ளைகளின் இடது கைப் பக்கம் கிழக்கல்லவா? அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, “மேற்கு எங்கன?” என்றார். வகுப்பே இடது கையை நீட்டியது. பேச்சியம்மாள் மட்டும் வலப்பக்க ஜன்னலைக் காட்டினாள்.

“அங்கனதான் சார் மலை இருக்கு. பொழுது அங்கனதான் அடையும்.”

“படம் இங்கன தொங்குது. நீ என்னத்துக்கு ஜன்னலப் பாக்க?” என்றார் அந்த மேதாவி. வழியெல்லாம் அந்த மலையைப் பார்த்தபடி ஜீப்பில் வந்தவர்!

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் வாசலில் தலைமை ஆசிரியர் நின்றார். நான் தடுக்கி விழக் காத்திருக்கும் அதே சிரிப்பு...

“மேப்பப் பாருட்டி!” நீட்டிய அவள் கையிலேயே ஸ்கேலால் அடித்தேன். அதிகாரி தலையாட்டினார். தலைமை ஆசிரியரும் ஆட்டினார். மூன்று படித்த முட்டாள்கள். அவர்கள் இருவரும் அறியாதவர்கள். நான்?

அவளும் களை வெட்டுகிற வீட்டுப் பிள்ளைதான். அது தெரிந்துதானே அடித்தேன்!

நேற்று தலைமை ஆசிரியரிடம் போய் என் தப்பைச் சொன்னேன். “நான் அன்னைக்கே நெனச்சேம்மா” என்றார். பொய்! ஆனாலும் அந்தச் சிரிப்பை அவருக்கு நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

வகுப்பிலும் சொன்னேன். “பேச்சி சொன்னதுதான் சரி. டீச்சர்தான் தப்பு. இப்பச் சொல்லுட்டி, மேற்கு எங்கன?”

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் கையில் ஸ்கேல் இருக்கிறதா என்று பார்த்தாள். மெதுவாக இடது கையை நீட்டினாள்...

இன்று படம் தொங்கிய ஆணியைப் பிடுங்கிவிட்டேன். மலை தெரியும் மைதானத்தில் படத்தை விரித்து, அதன் தலையை வடக்கே வைத்து, பிள்ளைகளைச் சுற்றிலும் உட்கார வைத்திருக்கிறேன். எல்லோரும் மலையைப் பார்க்கிறார்கள். அவள் என் கையைப் பார்க்கிறாள்.