தண்ணீர் கடித்த கை

எழுபத்தெட்டாம் வருஷத்துக் குளிர்காலத்தில்தான் ஆராயியின் கை முதன்முதலாக வீங்கியது. தலைநகரத்து ஜனக்புரியில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் எலும்பைக் குடைந்தது. பாதி முடிவதற்குள் விரல்கள் தடித்து, மணிக்கட்டு வரை சிவப்புத் திட்டுகள் எழும்பி, அரிப்பு பிடுங்கியது. கையைப் புடவையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மார்க்கெட்டுக்குப் போயிருந்த வீட்டுக்காரி திரும்பியபோது தடிப்பு அடங்கிப்போயிருந்தது. பாத்திரங்கள் அப்படியே கிடந்தன.

"காம்சோர்" என்றாள் வீட்டுக்காரி. வேலைக்கள்ளி என்ற அந்த இந்தி வார்த்தை மட்டும் ஆராயிக்கு நன்றாகப் புரியும்.

தடிப்பு தினமும் வந்தது. யாரிடமாவது காட்டுவதற்குள் மறைந்தும்போனது. சித்தாள் வேலை முடித்து இருட்டி வரும் அவள் புருஷன் கலியன்கூட அதைக் கண்டதில்லை.

"ஊர்ல மார்கழி மாசம் சேத்துல நின்னு நாத்து புடுங்குனவதான நீ? இங்க வந்ததும் தண்ணி ஆவலயா?"

"அந்தத் தண்ணி இப்பிடிக் கடிக்கலயே."

விழுப்புரம் பக்கத்து ஊரில் இருந்த குடிசையைக் கலியனின் தம்பிக்கு விட்டுவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போக அங்கே இடமில்லை. இங்கேயோ ஒவ்வொரு வீடாக அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாடைக்காற்றில் நடந்தால் உதடு வீங்கியது. வெயில் ஏறும்வரை ஜுக்கிக் குடிசையின் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். தெருவில் மற்றப் பெண்கள் பேசிக்கொண்டு வேலைக்குப் போகும் சத்தம் கேட்கும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி சொல்லித்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழி தெரியாதென்று கலியனும் கூட வந்தான். தோல் பிரிவில் இருந்த டாக்டர் ராஜம் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அச்சா, கையை நீட்டுங்கோ" என்று முழங்கைக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கலியன் வாசல் பக்கம் பார்த்தான்.

தோல் மெல்லச் சூடேறியபோது, ஐஸ் இருந்த இடம் மட்டும் கட்டங்கட்டினாற்போல உப்பி எழுந்தது. கலியன் குனிந்து, தொடாமல் வெகுநேரம் பார்த்தான். ஆராயிக்கு அழுகை வந்தது.

"ஹிஸ்டமின்னு ஒண்ணு எல்லார் உடம்புலயும் இருக்கும்மா. தோலுக்கு அடியில சின்னச் சின்ன பையில அடைஞ்சு கிடக்கும். உங்களுக்குக் குளிர் பட்டா அது வெளில கொட்டிடறது. தலையோட பச்சைத்தண்ணி மட்டும் ஊத்திக்காதீங்கோ, மயக்கமே வந்துடும்."

மாத்திரை கொடுத்தாள். தடிப்பு குறைந்தது, தூக்கம் அமுக்கியது. கடைசியாக மிஞ்சியிருந்த வீட்டில் நின்றபடியே கண்ணசந்து கண்ணாடித் தம்ளர்களை உடைத்தாள். அந்த வேலையும் போயிற்று.

குளிரில் வரும் இந்தத் தடிப்பைத்தான் ராஜம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் கையை வைத்துவிட்டு, அதே கையில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, ஹிஸ்டமின் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு முன்னால் சில நாள் மாத்திரையை நிறுத்த வேண்டும்.

"நிறுத்துனா வேல செய்ய முடியாது. போட்டா தூங்கிப்புடறன். நான் என்னாதான் பண்றது?"

"வேற வேலை எதாவது..."

"எனக்கு வேற என்னா தெரியும் டாக்டரம்மா?"

ஆனாலும் ஆராயி சம்மதித்தாள். தன் பேச்சை நம்பிய ஒரே இடம் அது. ஐஸ் தண்ணீரில் கையை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்ப போவும்?"

"சில பேருக்கு ரெண்டு மூணு வருஷத்துல தானா போயிடும். சில பேருக்குப் போறதில்லை."

அதற்குப் பிறகு கலியன் வேலைக்குக் கிளம்புமுன் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தான். ஊரார் வீட்டுக் குழாயை அவன் என்ன செய்ய முடியும்?

ஹோலி கழிந்து வெயில் ஏறியதும் புதிய வீடுகளில் வேலை பிடித்தாள். கையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. தீபாவளி முடிந்து காலைகளில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. குழாயைத் திறந்ததும் முதலில் ஒரு விரலை மட்டும் நீட்டிப் பார்ப்பாள். அந்த வாரம் வரை தண்ணீர் கடிக்கவில்லை.