ரங்கூன் தெருவில் சொல்லிக்கொள்ளப் போனவர்

எங்கள் வீட்டுக்கு மூத்தவரும், எனக்கு அண்ணனும், உங்களுக்குப் பெரியப்பாவுமானவர் மறைந்து ஓராண்டாகிறது. குழந்தைகளே, நான் அதிகம் படித்தவனல்ல. தெரிந்ததைத் தெரிந்தபடி இந்த நினைவுமலரில் எழுதுகிறேன்.

பெரியப்பா பண்ணைப்புரத்தில் பிறந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம், மீசை அரும்பும் வயதில் கப்பலேறி ரங்கூன் போனார்கள். நம் ஆட்கள் நிறைந்த ஒரு தெருவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தார்கள். பிறகு ஊருக்கு வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு, அவர்களை ஊரிலேயே விட்டுவிட்டு மறுபடியும் போனார்கள்.

அந்தத் தெருவைப் பேசும்போதுதான் அவர்கள் முகம் மலரும். கீழே கடை, மேலே பலகைத் தளத்தில் குடித்தனம். உத்தமபாளையத்து ராவுத்தரின் டீக்கடை, ஒட்டினாற்போல் சீனர் செருப்புக்கடை, எதிரே சுருட்டு விற்கும் பர்மாக்காரி. ஒரே பலகையில் தமிழும் தெலுங்கும் பர்மா எழுத்தும் இருக்கும். தைப்பூசக் காவடி வந்தால் சீனர் தன் வாசலில் தண்ணீர் தெளித்து ஊதுவத்தி கொளுத்துவாராம். “ஏலே தம்பி, அங்கன நீ எந்த ஊருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. தெருப் பேரச் சொன்னாப் போதும்” என்பார்கள்.

சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கூட்டாளி. ஒரே அறையில் இருந்தார், ஒரே சட்டியில் சாப்பிட்டார். விஷக்காய்ச்சலில் கிடந்தவரைப் பெரியப்பாதான் கஞ்சி ஊற்றித் தேற்றினார்கள். அவர் பெயரை இங்கே அச்சிட எனக்கு மனமில்லை.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் தெருவே கலைந்தது. இருவரும் அலைந்து கப்பலுக்குச் சீட்டு வாங்கினார்கள். துறைமுகத்தில் பெரியப்பா தோள்துண்டையும் சீட்டையும் கூட்டாளியிடம் கொடுத்து, “துண்டப் போட்டு இடம் புடிச்சு வையி. தெருவுல சொல்லிக்கிட்டு வந்துர்றேன்” என்றார்கள்.

“தலைக்கு மேல குண்டு பறக்குது. இப்பப் போயி யாருகிட்டய்யா சொல்லப் போற?”

“சொல்லாமப் போனா, நாளைக்கு எந்த மூஞ்சியோட திரும்பி வர்றது?”

சீனரிடம், ராவுத்தரிடம், சுருட்டுக்காரியிடம், வாசல் வாசலாக நின்று “போயிட்டு வர்றேன்” சொல்லி ஓடிவந்தபோது கப்பல் இன்னும் கிளம்பவில்லை. ஆனால் சீட்டில்லாமல் காவலர்கள் ஏற விடவில்லை. மேல்தளத்தில் கூட்டாளி நின்றார். பெரியப்பாவின் துண்டு அவர் தோளில் கிடந்தது. பெரியப்பாவின் சீட்டில் கூட்டாளியின் மைத்துனர் ஏறியிருந்தார். பெரியப்பா பெயர் சொல்லிக் கூவினார்கள். கூட்டாளி பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊருக்கு வந்த கூட்டாளி அந்தத் துண்டைப் பெரியம்மா முன்னால் விரித்தார். “ஆத்தா, குண்டு விழுந்து என் மடியிலதான் உசுரு போச்சு. மிஞ்சுனது இது ஒண்ணுதான்.” நாங்கள் நம்பினோம். துண்டை வைத்துக் கருமாதி செய்தோம். பெரியம்மாவின் தாலியை இறக்கினார்கள். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் அந்தக் கூட்டாளிதான்.

பெரியப்பாவோ மணிப்பூர்க் காடுமலை வழியே நடந்து, எலும்பும் தோலுமாக ஒரு மத்தியானம் தெருமுனையில் வந்து நின்றார்கள். “ஐயோ, செத்தவுக வந்துட்டாக!” என்று பக்கத்து வீட்டம்மா அலறினார். “செத்தவனுக்குச் சோறு இருக்கா மதினி?” என்று சிரித்தார்கள் பெரியப்பா. வெள்ளைச் சேலையோடு பெரியம்மா வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

கருமாதி செய்தவரை அப்படியே வீட்டுக்குள் விடக்கூடாது என்றது ஊர். ஆற்றில் தலைமுழுக வைத்து, பிறந்த பிள்ளைக்குப் போல் மறுபடி பெயரிட்டு, கட்டிய மனைவிக்கே மறுபடி தாலி கட்ட வைத்தார்கள். பந்தலை விட்டு இறங்கியதும் பெரியப்பா என்னைத் தனியே அழைத்தார்கள். “குண்டு போட்டவன் யாருன்னே எனக்குத் தெரியாதுடா. இவன் என் சட்டியில தின்னவன்” என்றார்கள். பிறகு சாகும்வரை அவர் பேச்சை எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் எங்கேயும் போனார்கள், வந்தார்கள்.

காட்டுவழியில் சோறு கொடுத்த பெயர் தெரியாத மலைச்சனங்களுக்கும், நோயில் துணையிருந்த உறவினருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு, பெரியப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, அந்தச் சுருளிப்பட்டிக்காரரும் மாலையோடு வந்தார். வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். தலைமாட்டில் இருந்த பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்கள்.

“தம்பி, இவுக ஏற்கனவே ஒரு தடவ அழுதுட்டாக. போகச் சொல்லுங்க.”