ஏழு பேராசிரியர்கள்

கல்மண்டபத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தாள் சைமா. மேற்படிப்பு என்றால் குழந்தை மருத்துவம்தான் என்பதில் அவளுக்கு மாற்றமே இல்லை. நுழைவுத்தேர்வில் வாங்கிய ரேங்குக்கு அது கிடைக்கக்கூடிய கல்லூரிகள் இரண்டுதான். எதை முதலில் போடுவது? மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கவுன்சிலிங் விருப்பப் பட்டியல் பூட்டிவிடும்.

முதல் கல்லூரி கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் இருந்தது. இணையதளம் பளபளவென்றிருந்தது. ஏழு பேராசிரியர்கள், பச்சிளங்குழந்தைகளுக்கென இருபது படுக்கைகள். இரண்டாவது கல்லூரி தெற்கே, ஒரு ராத்திரி பஸ் தூரம். அதன் தளத்தில் குழந்தை மருத்துவத்தைத் தொட்டால் ‘விரைவில்’ என்று மட்டும் வந்தது. மேற்படிப்புக்கு முயல்பவர்களின் டெலிகிராம் குழுவில் முதல் கல்லூரியைப் பற்றிக் கேட்டாள். ஒருவர் ‘சூப்பர்’ என்றார். இன்னொருவர் ‘அந்தப் பக்கமே போகாதே’ என்றார். இருவருக்குமே பெயர் இல்லை.

அந்த ஏழு பெயர்களை மறுபடி படித்தபோதுதான் நான்காவது பெயர் உறுத்தியது. டாக்டர் ஞானபாக்கியம். டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் தனி கிளினிக் வைத்து மூன்று வருடமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். தினமும் பஸ்ஸிலிருந்து அந்தப் போர்டைப் பார்க்கிறாள்.

“அத்தா, நாளைக்கு நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்.”

டிரெய்லர் ஓட்டும் அவள் அப்பா காலித் சோற்றிலிருந்து நிமிர்ந்தார். “எல்லாம் நெட்டுல கீதேமா. அங்க போயி இன்னா பாக்கப்போற?”

“நெட்டுல இருக்கறது அங்க கீதான்னு பாக்கப்போறேன்.”

காலையில் தண்டையார்பேட்டையில் ரயிலேறினார்கள். காலித்தும் வண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வழி நெடுக சைமா உட்காரவேயில்லை. கதவோரம் நின்றபடி போனில் அதே பக்கத்தைத் திறந்து திறந்து மூடினாள்.

கல்லூரி ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். படுக்கைகள் இருந்தன, இருபதும். எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் இருந்தது.

அந்தப் பக்கம் வந்த நர்ஸிடம் கேட்டாள்.

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குத் தொறப்பாங்க, மேடம். சீரியஸ் குழந்தைய மெட்ராஸுக்கு அனுப்பிடுவோம்.”

“புரொபசர்ஸ்?”

“ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் செவ்வாய், வெள்ளி வருவார்.”

வெளியே வந்ததும் சைமா போனில் பட்டியலைத் திறந்தாள். நேற்றுவரை இந்தக் கல்லூரியைத்தான் முதலில் வைத்திருந்தாள். மணி இரண்டு. தோழி பெனிஷாவைப் போனில் பிடித்து, அவளுடைய சித்தப்பா மகன் ஜெரியின் நம்பரை வாங்கினாள். அவன் தெற்கே இருந்த கல்லூரியில் குழந்தை மருத்துவம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

ஜெரி போனை எடுக்கவில்லை. ரயிலேறினார்கள். திரும்பத் திரும்ப அடித்தாள். மீஞ்சூர் வரும்போது மணி நாலேகால். அப்போதுதான் எடுத்தான். பின்னால் ஏதோ ஒரு கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் சொல்லுங்க, ஒரு பேபிக்கு டியூப் போடணும்.”

“யார் சொல்லித் தர்றாங்க?”

“மேடம் பக்கத்துலதான் நிக்கிறாங்க. தப்பாப் போட்டா திட்டுவாங்க. வச்சிடறேன்.”

அவ்வளவுதான். சிக்னல் போய்ப் போய் வந்தது. காலித் தன் போனிலிருந்து இணையம் கொடுத்தார். நாலு ஐம்பதுக்கு வரிசையை மாற்றிப் பூட்டினாள். சரியாகத்தான் செய்தோமா என்று வீடு வந்து சேர்ந்த பிறகும் நிலைகொள்ளவில்லை.

இடம் தெற்கே கிடைத்தது. சேர்ந்து நான்காவது மாதம், இணையதளத்தில் இருந்த ‘விரைவில்’ என்பதை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேட்டாள். “அதை யாரு டாக்டர் பாக்கப் போறா?” என்றார் கிளார்க்.

அன்றே டெலிகிராம் குழுவில் தன் பெயரையும் நம்பரையும் போட்டு எழுதினாள்: ஆசிரியர்கள் நான்கு பேர், படுக்கைகள் பதினொன்று, மூன்று வெண்டிலேட்டரில் இரண்டுதான் ஓடுகிறது, வாரத்தில் இரண்டு நாள் தூக்கமில்லை.

இப்போது அழைப்புகள் வருகின்றன. வார்டு வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவாள். போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அக்கா, அங்க நல்லா இருக்குமா?”

“நல்லாவா? அது தெரியாதுமா. இன்னா கீது, இன்னா இல்லைன்னு கேளு, சொல்றேன்,” என்றாள் சைமா.