கால்வாய் இன்ஜினியர் அழகேசன்

அழகேசன் எங்க லாரிக்காரங்களுக்கெல்லாம் சோறு போட்டவன். கீழப்பழுவூர் ரோட்டோரக் கடையில சமையல். சிமெண்ட் லோடு ஏத்திக்கிட்டு வர்ற எவனும் அவன் மீன் குழம்பைத் தின்னாம தாண்ட மாட்டான்.

ரெண்டாயிரத்து அஞ்சுல சேதுக் கால்வாய் வேலை தொடங்குச்சு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து பேசிக்கிட்டே கெடந்த கால்வாய். தூத்துக்குடிக் கப்பல் இனிமே இலங்கையைச் சுத்தாம நேரா சென்னைக்குப் போயிடும்னாங்க. சரக்கெல்லாம் கடல்ல போனா லாரி என்னாவுறதுன்னு எங்களுக்கு அதே பேச்சு. அந்த நேரம் பாத்து, மண் அள்ளுற கப்பல்ல சமைக்க அழகேசனைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

"எங்க பொழப்பைக் கெடுக்கவாடா போற?"ன்னேன்.

"உங்களுக்குப் போட்ட சோறுதாண்டா அவங்களுக்கும்"னான்.

ஊருக்கு வந்தா கப்பல், கடல்னு பேசுவான். சமையல்னு மட்டும் சொல்ல மாட்டான். கேக்குறவங்க அவங்களா ஒண்ணு நெனைச்சுக்கிட்டாங்க.

ரெண்டாயிரத்து ஏழுல கோர்ட்டு தடை வந்து வேலை நின்னுச்சு. இவனையும் அனுப்பிட்டாங்க. அந்த ஐப்பசியில விக்கிரமங்கலத்துல தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். பஸ்ஸை விட்டு எறங்குனவன் அப்படியே நின்னுட்டான். தங்கச்சி புருசன் சின்னதுரை பிளக்ஸ் கட்டியிருக்கான். இவன் மூஞ்சி, பின்னால கப்பல், கீழ 'சேதுக் கால்வாய் இன்ஜினியர்'.

"அவுத்துடுங்க மாப்ள."

"சும்மா இருங்க மச்சான். எங்க பங்காளிங்க முன்னாடி எனக்கொரு மரியாதை வேணாமா?"

தங்கச்சி கமலவேணி மொகத்துல அம்புட்டுப் பெருமை. அதைப் பாத்துட்டு இவன் பந்தலுக்குள்ள போயிட்டான்.

புள்ளையை மடியில வச்சு உக்காந்தான். பத்தர் ஊசியை எடுத்தார். அப்பதான் பஞ்சநாதன் முன்னால வந்தார். மாமன் முறை, இவனைத் தோள்ல தூக்கி வளத்தவர். தோள் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, "சார், நம்ம பயலை உங்க கால்வாயில சேத்து வுடுங்க"ன்னார்.

எந்திரிக்கவும் முடியலை, மடியில புள்ளை. தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"மாமா, துண்டைத் தோள்ல போடுங்க. நான் அங்க சோறாக்குனவன். இப்ப அதுவும் இல்ல. கால்வாயே நின்னு போச்சு."

மேளம் ஓஞ்சிருந்த நேரம். பந்தல் முழுக்கக் கேட்டுச்சு. கமலவேணி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு. சின்னதுரை தரையைப் பாத்தான்.

பஞ்சநாதன் துண்டை ஒதறித் தோள்ல போட்டார். "மொதல்லயே சொல்றதுக்கென்னடா? அங்க சாம்பார் தண்ணியா நிக்குது, போயிப் பாரு."

எல்லாரும் சிரிச்சாங்க. அழகேசன் சிரிக்கலை. காது குத்தி முடிஞ்சதும் அடுப்பாண்ட போனவன், கடைசிப் பந்தி வரைக்கும் எலையில உக்காரலை.

இப்ப பழையபடி கீழப்பழுவூர் கடையிலதான் ஆக்குறான். அந்த பிளக்ஸை சின்னதுரை ரோட்டோர ஆட்டுக்கொட்டாய் மேல மூஞ்சி தெரியப் போட்டிருக்கான். தங்கச்சி வூட்டுக்குப் போனா இவன் முந்தின ஸ்டாப்புலயே எறங்கி, கொல்லை வழியா நடக்குறான்.

"திருப்பிப் போடச் சொல்லேண்டா"ன்னேன்.

"எந்த வாயால கேக்குறது?"ன்னுட்டு வெங்காயம் உரிக்கக் குனிஞ்சுட்டான்.