வெள்ளையன் குடிகாரர் இல்லை

1. முகாம்

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் அணு மருத்துவத் துறையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கதிரியக்க மருந்தைக் கொஞ்சமாக ரத்தத்தில் ஏற்றி, அது உடம்புக்குள் போகும் வழியைக் காமா கேமராவில் பார்ப்பது எங்கள் வேலை. அந்தக் கேமராவை எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் முகாம்களுக்கு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற ஊரில் எங்கள் மருத்துவமனை முகாம் போட்டபோது, டாக்டர்கள் போதவில்லை என்று என்னையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளையனுக்கு நாற்பது வயதிருக்கும். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. வயிறு உப்பி, கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலிலிருந்து எங்கள் மேசைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. எங்கள் சீனியர் பிசிஷியன் அவர் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"ஈரல் வீங்கியிருக்கு. குடியை நிறுத்துப்பா."

பின்னால் நின்ற மனைவி பொன்னம்மா முன்னால் வந்தார். "ஏனுங்க, இவரு குடிக்கவே மாட்டாருங்க."

"எல்லாப் பொம்பளையும் இதைத்தாம்மா சொல்றாங்க. அடுத்தது யாரு?"

வெள்ளையன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தார். அப்போதுதான் அவர் கழுத்தைக் கவனித்தேன். நிற்கும்போதே கழுத்து ரத்தக்குழாய் காதுவரை புடைத்துத் துடித்தது. இதயத்தின் வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ள முடியாமல் திணறினால் அப்படிப் புடைக்கும். பின்னால் தேங்குகிற ரத்தத்தால் ஈரலும் காலும் வீங்கும். இது பெரிய ரகசியம் எதுவுமில்லை. எங்கள் சீனியருக்கும் நன்றாகத் தெரியும். அவர் கழுத்துவரைக்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருவரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, எப்போது தொடங்கியது என்று கேட்டேன்.

"மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஏறுனப்ப ஏணி சறுக்கிருச்சுங்க" என்றார் பொன்னம்மா. "கால் முறிஞ்சு, கட்டுப் போட்டுக்கிட்டு மாசக்கணக்கா படுத்தே கெடந்தாரு. எந்திரிச்சதுலேர்ந்து மூச்சு வாங்குதுங்க."

"இதை டாக்டருங்ககிட்ட சொன்னீங்களா?"

"போன ஆஸ்பத்திரியில எல்லாம் யாருங்க கேட்டாங்க? வயித்தப் பாத்ததுமே குடிகாரன்னுட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானே சந்தேகப்பட்டுட்டனுங்க டாக்டரம்மா. அவரு தூங்கறப்ப வாயை மோந்து பாத்திருக்கேன். இத்தனை பேரு சொல்றாங்களே, நம்ம கண்ணுக்குத் தெரியாம குடிக்கிறாரோன்னு."

வெள்ளையன் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது.

2. கேமரா

இருவரையும் கோயம்புத்தூரில் எங்கள் மருத்துவமனைக்கு வரவழைத்தேன். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். நான் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்வது தெரிந்து அதே சீனியர் போன் செய்தார்.

"எக்கோ நார்மல் மேடம். பம்பிங் நல்லா இருக்கு. உங்க ஸ்கேன் எதுக்கு?"

"எந்தப் பக்கத்துப் பம்பிங் சார்?"

"இடதுதான். வலது பக்கத்தை யாரு கேக்கறா?"

"நான் கேக்கறேன்" என்று போனை வைத்தேன்.

இந்த ஸ்கேனுக்கு ஃபர்ஸ்ட் பாஸ் என்று பெயர். கையில் ஊசி வழியாக டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தைச் சட்டென்று ஏற்ற வேண்டும். அது ஒரே கொத்தாக வலது பக்கத்துக்குள் நுழைந்து, நுரையீரலுக்குப் போய், பிறகு இடது பக்கம் வரும். வலது அறையில் மருந்து நிற்கிற அந்தச் சில துடிப்புகளுக்குள் கேமரா எண்ணி முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் அறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும். ஏறக்குறைய பாதியைத் தள்ள வேண்டும். வெள்ளையனின் வலது அறை ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தள்ளவில்லை. திரையில் அது பெரிதாக வீங்கி, மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. இடது பக்கம் நன்றாகவே அடித்தது.

அடுத்து நுரையீரலை ஸ்கேன் செய்தோம். இரண்டு பக்கமும் பல பகுதிகளுக்கு ரத்தமே போகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தபோது காலில் உறைந்த ரத்தம் கட்டி கட்டியாக நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. அந்த அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே வலது பக்கம் ஓய்ந்துபோயிருக்கிறது.

படங்களைக் கொண்டுபோய் சீனியரின் மேசையில் வைத்தேன். ஆர்வமாகப் பார்த்தார்.

"இண்டரஸ்டிங் கேஸ் மேடம். கான்ஃபரன்ஸ்ல போடலாம்."

"முதல்ல வார்டுக்கு வந்து, நீ குடிகாரன் இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க சார்."

அவர் சிரித்தார். "ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் மன்னிப்புக் கேட்டுட்டிருந்தா ஓ.பி.யை யாரு பாக்கறது?"

படங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளையனின் கேஸைக் கான்ஃபரன்ஸில் போட நான் விடவில்லை.

3. வளப்பூர்

வார்டில் நானே விளக்கினேன். பொன்னம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது ஆத்திரம்.

"இதை இங்க சொல்லி என்னங்க? எங்க ஊர்ல வந்து சொல்லுங்க. இவரு அண்ணன் ஊட்டுப் படி ஏற உடறதில்ல. கோயில் காரியத்துல கிட்டச் சேக்கறதில்ல."

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதமே பஸ் ஏறி வளப்பூர் போனேன். அண்ணன் வாசலில் உறவுக்காரர்களைக் கூட்டி, வியாதி என்ன, எதனால் வந்தது என்று சொன்னேன். அண்ணன் கையைப் பிசைந்தார்.

"தப்பா நெனச்சுட்டமுங்க. பெரிய டாக்டருங்களே சொன்னாங்க, நம்பிட்டோம்."

வெள்ளையன் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

"நான் சொன்னனே அண்ணா, அதை ஏன் நம்புல?"



மாத்திரையில் வீக்கம் வடிந்தது. அடுத்த ஸ்கேனில் வலது பக்கம் கொஞ்சம் தேறியிருந்தது, முழுதாக அல்ல. பழைய கட்டிகள் கரையவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியபோதே யாராவது கேட்டிருந்தால் கரைந்திருக்கும். அவர் பிறகு மரம் ஏறவேயில்லை. கீழே நின்று மிளகைக் காயப்போட்டுக்கொண்டு பல வருடம் இருந்தார்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நோயாளி குடிப்பதில்லை என்று சொன்னால், அது உண்மை என்று வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் மலை ஏறிப் போய் ஒரு மனிதனின் வீட்டுக்குள் நுழைந்துவிடும். அதைத் திரும்ப எடுக்க எந்த ஸ்கேனாலும் முடியாது.