மச்சானுக்கு வைத்த கொம்பு

நான் கட்டிடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கிறவன். மொட்டை மாடியிலிருந்து கயிறு இறங்கும். கயிற்றில் ஒரு பலகை. பலகையில் நான். திருவனந்தபுரத்துக்கு வந்ததிலிருந்து இதுதான் வேலை. படிப்பு ஐந்தாவதோடு சரி. இதை எழுதக் காரணம் கோபம். வேறொன்றுமில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேலே நின்று கயிறு கட்டுகிறவர் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவராக இருக்க வேண்டும். நம் சொந்த அண்ணன் தம்பி கூடாது. அவனுக்கு நிலத்தில் பங்கு உண்டு. மச்சானுக்கு அதில்லை. முடிச்சு நழுவினால் தாலி அறுக்கிறது அவர் தங்கச்சி. அதனால் இறுக்கிக் கட்டுவார்.

என் மச்சானுக்கு இரண்டு தங்கச்சி. மூத்தவள் என் வீட்டில், இளையவள் என் சகலை வீட்டில். அதனால் அவருக்கு இரண்டு கயிறு. சாலைக் கடைத்தெருவில் கயிறு வாங்கும்போது முழு நீளத்தையும் உள்ளங்கையில் ஓடவிட்டுப் பார்ப்பார். கடைக்காரருக்கு எரிச்சல் வரும். வரட்டும் என்று நிற்பார். வேலையிடத்தில் தூணில் கட்டுவார். சுவர் விளிம்பில் கயிறு உரசாமல் சாக்கு மடித்து வைப்பார். "எறங்கும் மாப்ள" என்பார். இறங்குவேன். பன்னிரண்டு வருசத்தில் ஒரு நாளும் நான் முடிச்சைப் பார்த்ததில்லை.

ஆக்குளம் பக்கம் ஒரு பெரிய ஃபிளாட்டில் வேலை. இரண்டு கட்டிடம். முதல் கட்டிடத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் மாடி ஜன்னலில் ஒரு மேடம் சாயா நீட்டினார். மலையாளி. சென்னையில் வேலை பார்த்தவர், தமிழ் பேசுவார். காமிக்ஸ் வரைகிறார் என்றார்.

காமிக்ஸ் எனக்குத் தெரியும். சின்ன வயதில் முடிவெட்டுகிற கடையில் கிடக்கும். எழுத்தைக் கூட்டி வாசிப்பதற்கு முன்னாலேயே கெட்டவன் யாரென்று தெரிந்துவிடும். தழும்பு இருக்கும். புருவம் ஏறியிருக்கும். மேடம் சிரித்தார். தன்னுடையது அப்படியில்லை என்றார். டாரட் சீட்டு என்று ஒரு கட்டு எடுத்தார். வெளிநாட்டில் அதை வைத்துக் குறி சொல்வார்களாம். அதில் முக்கியமான இருபத்திரண்டு படத்தை எடுத்து, ஒரு படத்துக்கு ஓர் அத்தியாயமாக ஒரு பெயிண்டரின் கதையை வரைகிறாராம்.

ஜன்னல் திண்டில் பரப்பிக் காட்டினார். ஒருவன் மூட்டையோடு மலை விளிம்பில் நிற்கிறான். அவன் பெயர் முட்டாள், ஆனால் முட்டாள் இல்லை, புறப்படுகிறவன் என்றார். இன்னொன்றில் கோபுரத்தில் இடி விழுந்து ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள். இதை இப்போது எனக்குக் காட்டாதீர்கள் என்றேன். இன்னொன்றில் ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். முகத்தில் நோவில்லை. அது நீங்கள்தான் என்றார். தொங்குகிறவனுக்கு உலகம் வேறு மாதிரி தெரியும் என்றார். எனக்குத் தெரிவது சுவர்.

மேலே கயிறு கட்டுகிறவர் யார் என்று கேட்டார். மச்சானைப் பற்றிச் சொன்னேன். அவர் எந்தச் சீட்டு என்று கேட்டார்.

பார்த்தேன். ஒரு சீட்டில் கொம்பு வைத்த ஒருவர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே இரண்டு பேர். அவர் பீடத்தோடு இருவரையும் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. பார்த்ததும் பிடித்துவிட்டது. மேலே ஒருவர், கீழே இரண்டு பேர், நடுவில் கட்டு. முகம் பயங்கரம்தான். எங்கள் ஊர் எல்லையில் நிற்கிற மாடனுக்கும் கண் பிதுங்கி, பல் நீண்டுதான் இருக்கும். காவல் நிற்கிற சாமி வேறு எப்படி இருக்கும்?

"இதுதான் எங்க மச்சான்" என்று தொட்டுக் காட்டினேன்.

மேடம் என்னைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு மொட்டை மாடிக்குப் போய் மச்சானை நாலைந்து போட்டோ எடுத்தார். அந்த ‘ஓ’ எதற்கு என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வருசம் இரண்டாவது கட்டிடத்துக்கு வந்தோம். மேடம் கீழே இறங்கி வந்து புத்தகம் கொடுத்தார். முதல் பக்கத்திலேயே மூட்டையோடு நான், பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன். பெருமையாகத்தான் இருந்தது. அதற்கு மேல் புரட்டவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது முதலில் மச்சான் கையில் கொடுத்தேன்.

கையைத் துடைத்துவிட்டுப் புரட்டினார். எழுத்து மலையாளம். படத்துக்கு எழுத்து வேண்டாம். கடைசியில் மொட்டை மாடி வந்தது. அவர் முகம், அவர் தலைத்துண்டு, துண்டுக்கு மேல் இரண்டு கொம்பு. மடித்து வைத்த சாக்குகூடச் சரியாக இருந்தது. அடுத்த கட்டத்தில் இரண்டு விரலால் முடிச்சை அவிழ்க்கிறார். அடுத்தது முழுப் பக்கம். நான் விழுகிறேன்.

சகலை எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், கைய விட்டுட்டீரே. ஒம்ம தங்கச்சிகிட்ட என்ன சொல்லுவீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் கொஞ்சம் சிரித்தார். புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் வேலையிடம் முழுக்க அவருக்குச் சாத்தான் என்று பெயர் வந்துவிட்டது.

மறுநாள் காலை கயிறு கட்டினார். "எறங்கும் மாப்ள" என்றார். சுவரில் கால் வைக்கப் போன நான் திரும்பி நடந்து போய், தூணிலிருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. கால் போனது, கை இழுத்தது. அவர் பார்த்துவிட்டார். பார்த்தவர், விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகிற திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு வேலை முடிந்து மேடம் வீட்டுக்குப் போனேன். கதவு வழியாகப் போனது அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன் பெயர், நம்பர், கையெழுத்து எல்லாம் வாங்கினான். மேடம் சந்தோசமாகக் கதவைத் திறந்தார்.

ஏன் மச்சான் கையால் முடிச்சை அவிழ்க்க வைத்தீர்கள் என்று கேட்டேன். நிறைய சொன்னார். அந்தச் சாத்தான் சீட்டுக்கு அர்த்தம் தளையாம். ஓர் ஆளிடம் மாட்டிக்கொண்டு கிடப்பதாம். சாத்தான் கெட்டவன் இல்லையாம், எல்லோருக்கும் உள்ளே இருக்கிறானாம். மரணச் சீட்டும் மரணம் இல்லையாம். அந்தச் சீட்டுக்கட்டில் எதுவுமே அதுவாக இல்லை.

"அதொரு சிம்பல் மாத்ரம், அண்ணா. உங்க மச்சான் இல்ல."

"முகம் அவருது."

"நீங்கதானே அந்தச் சீட்டத் தொட்டுக் காட்டினது?"

காட்டினது நான்தான். ஆனால் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் இதைத் தொடுகிறாய் என்று. கேட்கவில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

"நான் காட்டினது பிடிச்சிட்டிருக்கிறவர. அவுக்கிறவர இல்ல. கொம்பு இருக்கட்டும் மேடம். கயித்த அவர் கையில திருப்பிக் குடுங்க."

"பிடிச்சிட்டே இருந்தா பின்ன கதை எங்க, அண்ணா?"

காலையில் இறங்குகிறவன் சாயங்காலம் உயிரோடு ஏறி வருகிறான். பன்னிரண்டு வருசமாக வருகிறான். அது கதையில்லையாம். விழுந்தால்தான் கதையாம்.

மேடம் மன்னிப்புக் கேட்டார். திரும்ப அச்சடித்தால் முகத்தை மாற்றுகிறேன் என்றார். காபி கொண்டுவரப் போனார். புத்தகத்தை அவர் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மச்சான் கயிறு கட்டினார். எறங்கும் மாப்ள என்று சொல்லவில்லை.

"இழுத்துப் பாரும்" என்றார்.

"வேண்டாம் மச்சான்."

"பாரும்."

இழுத்தேன். கல் மாதிரி இருந்தது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். சகலையையும் இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். ஒரு நாள் மேலே வந்த சூப்பர்வைசர் இதைப் பார்த்தான். நல்ல பழக்கம், இவ்வளவு நாளும் இது செய்யாமல் இருந்ததே தப்பு என்றான். மற்ற ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினான்.

மச்சான் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். நான் சுவர் தாண்டி இறங்கினேன்.